ஒரு சாண் தூரத்தில்

கடை வாசலில் ஆட்டோ நின்று துளசிமணியம்மா இறங்குவதைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்ததும் தெய்வசிகாமணி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார், மூச்சு விடாமல் இருந்தால், தான் அங்கே இல்லாமல் போய்விடலாம் என்பது போல. சம்பந்தியம்மா. மகள் சௌமியாவைக் கட்டிக்கப்போகிற பையனுடைய அம்மா. கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை, சத்தியமங்கலத்திலிருந்து ஒரு போன்கூடப் போடாமல் தனியாகக் கிளம்பி வந்திருக்கிறார் என்றால் எதற்கு, என்னத்துக்கு, விஷயம் அங்கே வரைக்கும் எட்டிவிட்டதா, புடவை எடுக்கப் போன அன்றைக்கு ஜவுளிக்கடையில் இந்த அம்மா தன் பக்கத்திலிருந்து எழுந்து போய் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தாரே, பெண்கள் பெண்களோடு உட்காருவதுதானே வழக்கம் என்று அன்றைக்குத் தேற்றிக்கொண்டது பொய்தானா. மேல்சட்டையின் கழுத்தை இரண்டு விரலால் தூக்கி உள்ளே மூக்கை விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சோப்பு வாசம், கொஞ்சம் பவுடர் வாசம். ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் பயமே. டாக்டரம்மா சொன்னாரே, உங்க மூக்குக்குப் பழகிடும் சார், நீங்க கடைசியாத்தான் தெரிஞ்சுக்குவீங்க என்று. ஊரெல்லாம் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் தன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கவுண்டரில் இருந்த ரேவதி எழுந்து, வாங்கம்மா என்று சிரித்துவிட்டு, அதே கையோடு மேசைக்கு அடியிலிருந்து ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்தாள். சாமி படத்துக்குத்தான். ஆனால் காலையிலேயே ஒன்று வைத்தாயிற்றே. இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை ஊதுபத்தி வைக்கிறாள் இந்தப் பெண், கேட்டால் என்ன சொல்வாள், கேட்க முடியுமா.

“ஏனுங்கண்ணா, நல்லா இருக்கறீங்களா? கண்ணு செக் பண்ணோணுமுங்க. கண்ணாலத்துக்கு முன்னால ஒரு கண்ணாடி போட்டுக்கலாமுன்னு வந்தனுங்க” என்றார் துளசிமணியம்மா. கையில் ஒரு சின்னப் பை. வேறு யாரும் கூட வரவில்லை.

“வாங்க சம்பந்தியம்மா, வாங்க. போன் பண்ணியிருந்தா நானே வீட்டுக்கு வந்து பாத்திருப்பனே” என்றார் தெய்வசிகாமணி. சொல்லும்போதே வாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்ப்பதாம், அங்கே இன்னும் மோசம், அவர்கள் ஹாலில் ஒரே ஒரு ஜன்னல்.

கோபியில் இந்தக் கண்ணாடிக் கடைக்கு வந்த நாளிலிருந்து கண் சோதிக்கிற வேலைதான். மனுசர் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் போகிற வேலை வேறு எது, முடி வெட்டுகிறவரும் பல் டாக்டரும் போவார்கள், ஆனால் பல் டாக்டருக்கு முகக்கவசம் உண்டு. இருட்டறைக்குள் நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, முட்டி முட்டியோடு இடிக்க ஸ்டூலில் உட்கார்ந்து, வட்டமான கனத்த சோதனை ஃப்ரேமைத் தன் கையாலேயே அவர்கள் காதில் மாட்டி, மூக்கில் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்கிற அந்தக் குரலில் தனக்கே ஒரு கர்வம் இருந்தது, ஆளுக்குத் தூக்கம் வருகிற மாதிரி மெதுவாகக் கேட்பார், குழந்தைகள்கூட அழாது. அந்த அறைதான் இப்போது இடி விழுந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் கிடையாது, ஏசி உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி விடும். சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். தெய்வசிகாமணி ஸ்டூலை எடுக்கவே இல்லை. நின்றபடி கையை நீட்டி ஃப்ரேமைக் கொடுத்து, “நீங்களே மாட்டிக்கோங்க” என்றார், இத்தனை வருசத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. அந்த அம்மா தடவித் தடவி மாட்டினார். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பரவாயில்லை, பரவாயில்லை, நேராக்கப் போனால் காதோரம் கை போகும், கை போனால் அக்குள் திறக்கும்.

எல்லாம் வயிற்றைக் குறைக்கப் போய் வந்த வினை. நிச்சயதார்த்தப் போட்டோவில் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் பனியன் தெரிந்தது, சௌமியா அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் குறைச்சுக்கப்பா” என்று செல்லமாகத்தான் சொன்னாள், அடுத்த வாரமே ஜிம்மில் சேர்ந்தாயிற்று. அங்கே இருந்த பையன், அண்ணா உங்க வயசுக்கு வெறும் எக்சர்சைஸ்ல கரையாது, இதைக் குடிங்க, கொழுப்பை எரிச்சுடும் என்று பெரிய டப்பாவைக் காட்டினான். கார்னிடைன் என்று போட்டிருந்தது. ஒரு மூடி என்றால் தெய்வசிகாமணி இரண்டு மூடி குடித்தார், சீக்கிரம் கரையட்டுமே என்று, அதோடு தினம் முட்டை வேறு. வயிறு கரைந்ததா என்றால் ஏதோ கொஞ்சம். ஆனால் மனைவி ஈஸ்வரி சட்டைகளைத் தனியாக ஊறப்போட ஆரம்பித்தாள். கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் தன் சட்டையும் அவள் புடவையும் ஒரே வாளியில்தான் ஊறும். ஏன் தனியா என்று கேட்டதற்கு, சாயம் போகுதுங்க என்றாள், வெள்ளைச் சட்டை எங்கே சாயம் போகும். அவளிடம் நேராகவே கேட்டார், ஈஸு, எம்மேல ஏதாச்சும் வாசம் வருதா என்று. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்றாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை, அடுப்பே பற்றவைக்கவில்லை. அந்தப் பற்றவைக்காத அடுப்பை அவள் பார்த்த பார்வையில்தான் தனக்கு விளங்கியது, அதற்கப்புறம்தான் ஈரோட்டுக்குப் போய் குடல் டாக்டரைப் பார்த்தது. சின்ன வயசுப் பெண், சௌமியாவை விட நாலைந்து வயசு மூத்திருப்பாள், டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, மீன் வாசமா சார், என்பதுதான். யாரும் வாயைத் திறந்து சொல்லாத வார்த்தையை அவள் ஜுரமா இருமலா என்கிற மாதிரி கேட்டாள்.

“அண்ணா, இது எந்த வரிங்க? மேலிருந்து மூணாவதுங்களா?”

வலது கண் நன்றாக இருந்தது. கடைசி வரிக்கு முந்தைய வரி வரைக்கும் ட, ப, ய, ம என்று கடகடவென்று வாசித்தார். வலதை மறைத்து இடதுக்கு வந்தபோது சத்தம் நின்றது. சுவரில் வெளிச்சப்பெட்டி எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா முகத்தை மெல்ல, மிக மெல்ல வலப்பக்கம் திருப்பினார். தெய்வசிகாமணி நின்றது இடப்பக்கம். தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. சுவரில் முதுகு ஒட்டுகிற மாதிரி ஓர் அடி பின்னால் போனார். மனுசியால் எவ்வளவு மரியாதையாகத் திருப்ப முடியுமோ அவ்வளவு மரியாதையாகத் திருப்புகிறார், முந்தானையை எடுத்து மூக்கில் வைக்கவில்லை, சம்பந்தி ஆச்சே என்றுதான். இன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போய் என்ன சொல்வார், அந்த மனுசனுக்கு ஏதோ சீக்கு இருக்குதுங்க, ரத்தத்துல வர்ற சீக்கா இருந்தா புள்ளைக்கும் இருக்குமே என்பாரா. அது பரம்பரையாகவும் வரலாம் என்று டாக்டரும் சொன்னாளே, உங்களுக்கு அப்படி இருக்க வாய்ப்பு கம்மி சார், நீங்க குடிச்ச அளவு அப்படி, என்றும் சொன்னாள்தான், ஆனால் முதலில் சொன்னதுதான் மனசில் தங்குகிறது.

“மேல... பெரிய எழுத்து தெரியுதுங்க. அடுத்தது... இருங்க” என்றார் துளசிமணியம்மா, முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்பி.

வில்லையை மாற்றினார். கையை முழுசாக நீட்டி, நுனி விரலால். நீங்க குடிக்கிறதுல பாதிக்கு மேல உங்க ஒடம்புல சேர்றதே இல்ல சார், என்று அந்த டாக்டர் பெண் சொன்னாள், கொஞ்சந்தான் ரத்தத்துக்குப் போகுது, மிச்சம் அப்படியே பெருங்குடலுக்கு எறங்கிடுது, அங்க கோடி கோடியா பாக்டீரியா இருக்குதில்லையா, அதுல சிலதுக்கு இது நல்ல சாப்பாடு, அதை ஒடச்சுத் தின்னுட்டு ஒரு வாயுவ விடுது, மீன் கெட்டா வருமே அதே வாயு, எல்லாருக்கும் அது கொஞ்சம் உண்டாகும், கல்லீரல் அதைப் பிடிச்சு வாசமில்லாததா மாத்தி ஒண்ணுக்குல அனுப்பிடும், உங்க கல்லீரலுக்குத் தாங்கல, அதான் வேர்வையிலயும் மூச்சுலயும் வருது, நிறுத்திட்டா குறைஞ்சிடும், முட்டையும் மீனும் ஈரலும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது வயிற்றின் மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. தான் குடித்தது தனக்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு கசப்பை விழுங்கியதெல்லாம் யாருக்கோ. முகம் இல்லாத, பேர் தெரியாத ஒரு கூட்டம், தான் பிறந்த சில நாளிலேயே வந்து குடியேறியது, பள்ளிக்கூடத்துக்குத் தன்னோடு வந்தது, கல்யாண மேடையில் தன்னோடு உட்கார்ந்தது, சௌமியாவை முதல்முதலாக ஆஸ்பத்திரியில் கையில் வாங்கினபோது அதுவும் உள்ளே இருந்தது, என்ன தின்றாலும் தனக்கு முந்தி அதுவோ அதற்கு முந்தித் தானோ தெரியாது. இப்போது டப்பாவை நிறுத்தியாயிற்று, போன வாரமே சாக்கடையில் ஊற்றியாயிற்று, அதுகள் என்ன செய்யும், பசித்தால் என்ன செய்யும், கிடைக்கவில்லை என்று சும்மா இருக்குமா. வேறு எதையாவது தின்னும் சார், நீங்க கீரை சாப்பிட்டா கீரை, என்று டாக்டர் சிரித்தாள். ஆனால் வாசம் போய்விட்டதா இன்னும் இருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியுமா, ஈஸ்வரி சொல்லமாட்டாள், ரேவதி ஊதுபத்தி வைப்பாள், சௌமியா காரில் பின்சீட்டில் ஏறிக்கொள்வாள், மேடையில் அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்க்கும்போது ஓமப்புகையில் தெரியாமல் போகுமா, புகை ஓய்ந்ததும் தெரியுமா, அவளுடைய பெரிய மாமனை விட்டுத் தாரை வார்க்கச் சொல்லிவிடலாமா, தனக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிவிட்டால்.

“அண்ணா?”

“ஆங். இது தெளிவா, முன்னால போட்டது தெளிவா?”

“ரெண்டும் ஒண்ணாட்டந்தானுங்க இருக்குது.”

எந்த வில்லைக்கும் இடது கண் கீழ் வரிகளுக்கு இறங்கி வரவில்லை. ஊசித்துளை போட்ட கறுப்பு வில்லையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும், டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும், சின்னச் சின்னக் கட்டம் போட்ட அட்டையை முகத்துக்கு முன்னால் பிடித்து நடுப்புள்ளி தெரிகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். தெரியும். தெரியாமலா. ஆனால் அதற்கெல்லாம் ஸ்டூலை எடுத்துப் போட்டு முட்டியோடு முட்டி உட்கார வேண்டும். சர்க்கரை இருக்கிற அம்மா, புரை கொஞ்சம் இருக்கும், வயசு ஆச்சு, கல்யாணம் முடியட்டும், அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே விளக்கைப் போட்டார். படிப்பதற்குக் கண்ணாடி எழுதித் தருகிறேன், ரேவதியிடம் ஃப்ரேம் பாருங்க என்றார். துளசிமணியம்மா, “சரிங்கண்ணா” என்று எழுந்து போனார். அந்தச் சரியில் என்னமோ ஏமாற்றம் இருந்தது, அதையும் தன் வாசத்தின் கணக்கிலேயே தெய்வசிகாமணி போட்டுக்கொண்டார். அறைக் கதவைத் திறந்து வைத்து, ஃபேன் வேகத்தைக் கூட்டினார். பாக்கெட்டிலிருந்து ஏலக்காய் எடுத்து வாயில் போட்டார். ஏலக்காயும் மீனும் சேர்ந்தால் என்ன வாசம் வரும் என்று ஒரு நினைப்பு வந்து, துப்பிவிட்டார்.

கதவு திறந்திருந்ததால்தான் தெரிந்தது. கவுண்டரில் ரேவதி ஃப்ரேம் எடுத்துவர அந்தப் பக்கம் போயிருந்தாள். துளசிமணியம்மா தனியாக நின்றார், எதிரில் சுவர், சுவரில் மாதக்காலண்டர். அந்த அம்மா யாரும் பார்க்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானை நுனியால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே முகத்தை மெல்ல, மிக மெல்ல வலப்பக்கம் திருப்பினார். அங்கே மூக்கைத் திருப்பிக்கொள்ள ஒன்றுமே இல்லை. சுவரும் காலண்டரும்தான். முந்தானையை எடுத்தார். மறுபடி பொத்தினார். மறுபடி திருப்பினார். இன்றைக்கு மட்டும் செய்கிறவர் மாதிரி இல்லை, சோறு வெந்துவிட்டதா என்று பதம் பார்ப்பது மாதிரி தினம் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

தெய்வசிகாமணிக்கு விளங்கிவிட்டது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒன்றும் தெரியாதவர்கள்தான் அப்படித் திருப்பி ஓரத்தால் பார்ப்பார்கள், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம், ஓர் அரை நிமிசத்தில் கண்டுபிடித்திருப்போம். கை நீளத்தில் நின்று நம்மை நாமே மோந்துகொண்டிருந்தோம். கேவலம், கேவலம் என்று உதடு அசைந்தது. இப்போது கூப்பிட்டால் திரும்ப அந்த நாற்காலி, அந்த இருட்டு, கதவைச் சாத்த வேண்டும். ரேவதியை விட்டு, கோயமுத்தூர் போய் டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதாதா. போதாது, கல்யாண வேலையில் யாரும் போகமாட்டார்கள், பார்த்துக் கையில் காட்டினால்தான் போவார்கள். கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“சம்பந்தியம்மா. ஒரு நிமிசம் மறுக்கா உள்ள வாங்க.”

ஸ்டூலை இழுத்துப் போட்டார். முட்டி இடித்தது. கட்டம் போட்ட அட்டையை அந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால் பிடித்து, வலது கண்ணைத் தன் உள்ளங்கையாலேயே மறைத்தார். அக்குள் திறந்தது. திறக்கட்டும்.

“நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி இருக்குது, தெரியுதுங்களா?”

“புள்ளிங்களா? எங்கீங்க?”

“சுத்தியிருக்கற கோடு?”

துளசிமணியம்மா வெகுநேரம் பார்த்தார். “கோடு நேரா இல்லீங்க. மழை பேஞ்சு கோலம் கரையறாப்புல நெளியுது. நடுவுல பொகையாட்டம் ஒண்ணு” என்றார். குரல் இறங்கியிருந்தது.

டார்ச்சை எடுத்தார். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய், ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் மாற்றி மாற்றி வெளிச்சம் அடித்து, கண்பாவை சுருங்குவதைப் பார்த்தார். அந்த அம்மாவின் மூச்சு தன் கன்னத்தில் பட்டது. தன் மூச்சும் அங்கே படும். மூச்சை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, விட்டார். அந்த அம்மாவின் மூக்கோரம் ஒரு சுருக்கம் விழுந்ததைக் கிட்டத்தில் பார்த்தார். பின்வாங்காமல் மறுபடி வெளிச்சம் அடித்தார்.

“எத்தனை நாளா இப்படி இருக்குதுங்க?”

“பொங்கலுக்கு முன்னாலயிருந்துங்க.” கண்ணில் தண்ணீர் கோர்த்துக்கொண்டது. “வீட்டுல யாருக்கும் தெரியாதுங்கண்ணா. என்ற பையனுக்கும் தெரியாது. கண்ணாலத்தத் தள்ளி வெச்சுப்போடுவாங்களோன்னு பயமுங்க. வர்ற மருமவ கால் வெக்கறதுக்கு முன்னாலயே மாமியாளுக்குக் கண்ணு போச்சுன்னு ஊரு பேசும். உங்க புள்ளையத்தான் பேசுவாங்க. அதான் கண்ணாடி போட்டா சரியாயிருமோன்னு உங்ககிட்ட வந்தனுங்க.”

தெய்வசிகாமணி டார்ச்சை அணைத்தார். தன் மகளுக்காகத்தான் இந்த அம்மா ஒரு கண்ணை இருட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், நாம் அவரைப் பற்றி என்னென்ன நினைத்தோம். “கண்ணாடிக்கு இது அடங்காதுங்க. கண்ணுக்குப் பின்னால நீர் கோத்திருக்கலாம், சர்க்கரையினால வரும். பெரிய டாக்டர் பாத்துத்தான் சொல்லோணும். ஊசி போட்டு மேல போகாம நிறுத்தப் பாப்பாங்க. தள்ளிப் போட்டா போனது திரும்பாது. நாளைக்கே கோயமுத்தூர் போகோணும்.”

“கண்ணாலம் முடியட்டுமுங்க.”

“அதெல்லாம் முடியாதுங்க.” தன் குரல் அவ்வளவு அழுத்தமாக வந்தது தெய்வசிகாமணிக்கே ஆச்சரியமாக இருந்தது. இருட்டில் இருவரும் முட்டியோடு முட்டி உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்கலாம். விளக்கைப் போடலாம். எழவில்லை. வாய் தானாகத் திறந்தது. “நான் ஒண்ணு கேக்கறன், மறைக்காமச் சொல்லுங்க. எம்மேல வாசம் வருதுங்களா?”

துளசிமணியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுப்பையோ சுவரையோ பார்க்கவில்லை.

“வருதுங்கண்ணா.”

“மீன் வாசமா?”

“ஆமாங்க. சேலை எடுக்கப் போனப்ப நெம்ப இருந்துது. இப்பக் கொஞ்சம் கொறைவுதான்.” முந்தானையைச் சரிசெய்துகொண்டே, “நான் யாருகிட்டயும் சொல்லலீங்க” என்றார்.

குறைவு. குறைவு என்றால் போய்க்கொண்டிருக்கிறது. டப்பாவைப் பற்றி, வயிற்றைப் பற்றி, பெருங்குடலில் அதைத் தின்கிற கூட்டத்தைப் பற்றி, நிறுத்தியதைப் பற்றி அத்தனையும் சொன்னார், ஈஸ்வரியிடம்கூட இப்படிச் சொன்னதில்லை, அவளிடம் சொல்லாததை யாரோ ஒரு சம்பந்தியிடம் இருட்டில் சொல்கிறோமே என்று நடுவில் ஒருதரம் கூசியது, ஆனாலும் நிறுத்தவில்லை. துளசிமணியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தொப்பைக்கா இத்தனையுங்க? எங்க வீட்டுக்காரருக்கு உங்களுக்கு மேல இருக்குதுங்க. சம்பந்திக ரெண்டு பேரும் சேந்து நின்னா சோடியா இருந்திருக்கும்” என்றார்.

தெய்வசிகாமணி எழுந்து விளக்கைப் போட்டார். இருவருக்கும் கண் கூசியது. அட்டையை மேசையில் வைத்தார், இடம் சரியில்லை என்று எடுத்து வேறு இடத்தில் வைத்தார். மனசு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஈஸ்வரியை என்ன சொல்லி எதிர்கொள்வது, அவள் பொய் சொன்னது அன்பா பயமா, மேடையில் என்ன செய்வது, சௌமியாவுக்கும் இந்தக் கல்லீரல்தான் வாய்த்திருக்குமோ. எல்லாம் அப்படியே இருந்தது. “காலையில காரு எடுத்துட்டு நானே வர்றனுங்க. உங்களக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து, அப்புறம் ரெண்டு பேருமாச் சேந்து உங்க வீட்டுல சொல்லிக்கலாம்” என்றார்.

துளசிமணியம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் நின்று யோசித்தார்.

“காரு வேண்டாமுங்கண்ணா” என்றார். “பஸ்ஸுலயே போலாம். பஸ்ஸுல நல்லாக் காத்து வரும்.”

தெய்வசிகாமணி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு, ரேவதி கவுண்டரிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார்.